மூன்று அடுக்கு தே: பால் பாகுக்கு அடியில் போனது எப்படி?

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் வேலை முடிந்து வரும் வழியில் மூன்று அடுக்கு தே (தேநீர்) குடிப்பது என் வழக்கம். அடியில் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகு, நடுவில் பால், மேலே தே. சரவாக் பக்கம் தே சி பெங் ஸ்பெஷல் என்பார்கள். அதையே வீட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று கிளாஸும் சேற்றுத் தண்ணீர். நாலாவதில் பால் விறுவிறுவென்று இறங்கி, பாகுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

1. பாகு. 200 கிராம் குலா மலாக்காவைச் சீவி, 100 மில்லி தண்ணீரும் வாசனைக்கு முடிச்சுப் போட்ட பண்டான் இலையும் சேர்த்துக் கரையவிடுங்கள். வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள்.

2. தே. வழக்கத்தைவிடக் கடுப்பமாக. சீனி வேண்டாம்.

3. பால். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். கடையில் 'தே' என்றால் சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய கண்டென்ஸ்டு பால், 'தே சி' என்றால் சீனி சேர்க்காமல் வற்றவைத்த எவாப்பரேட்டட் பால். இரண்டும் டின்னில்தானே வருகிறது என்று கையில் கிடைத்த கண்டென்ஸ்டு பாலை ஊற்றிவிட்டேன்.

சந்தேகம் தீர, 100 மில்லி கிண்ணத்தை எலெக்ட்ரானிக் தராசில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். சீனியில்லாத தே ஏறக்குறைய 100 கிராம். எவாப்பரேட்டட் பால் 107. கண்டென்ஸ்டு பால் 130. அன்று நான் காய்ச்சியிருந்த தண்ணியான பாகு 120 சொச்சம்தான்! அப்புறம் பால் அடிக்குப் போகாமல் என்ன செய்யும்?

அடர்த்தி என்பது இவ்வளவுதான்: ஒரே கிண்ணம், வேறு வேறு எடை. பாகுக்குள் விழும் ஒரு சொட்டுப் பாலைச் சுற்றியுள்ள பாகு மேலே தள்ளும். அந்தச் சொட்டு அடைத்துக்கொண்ட இடத்தில் இருந்திருக்கவேண்டிய பாகின் எடை எவ்வளவோ, அவ்வளவுக்குத் தள்ளும். சொட்டு அதைவிட லேசு என்றால் மிதக்கும், கனம் என்றால் மூழ்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். மேலே சொன்ன அளவில் காய்ச்சினால் பாகு 130 பக்கம் வந்துவிடும். எவாப்பரேட்டட் பால் அதன்மேல் நிம்மதியாக நிற்கும்.

இதற்கென்று ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வாங்காதீர்கள். தராசு போதும், மாவு நிறுக்கவும் ஆகும்.

4. ஊற்றுவது. முதலில் பாகு, பிறகு கிளாஸ் நிறைய ஐஸ், அதன்மேல் பால், கடைசியில் தே. ஐஸ் கட்டியின் தலையிலேயே ஊற்றுங்கள். தேயின் வேகம் அங்கேயே உடைந்துவிடும். பாலுக்கும் தேக்கும் 7 கிராம்தான் வித்தியாசம், ஜக்கைக் கவிழ்த்தால் அவ்வளவுதான். கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் ஊற்றச் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படவில்லை, பாதி மேசையில் போனது.

பின்சேர்க்கை: ஒரு வாசகி, "எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், தே மட்டும் பாலோடு கலந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். விசாரித்தால், 250 மில்லி தேயில் மூன்று பெரிய கரண்டி சீனி போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் தேயும் 105 கிட்டப் போய்விடும். பாலுக்கும் அதற்கும் இடைவெளி ஏது? இனிப்பைப் பாகு பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பின்சேர்க்கை: மகனின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு இதைக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், போகும் வழியிலேயே கலங்கிவிடும். பாகு, பால், தே மூன்றுமே தண்ணீரோடு கலந்துவிடுபவைதான். ஒருமுறை கலந்தால் தானாகப் பிரியாது. சாயம் கரைத்த தண்ணீரும் சமையல் எண்ணெயும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புங்கள். எண்ணெய் 100 மில்லிக்கு 92 கிராம்தான், தண்ணீரில் கரையவும் செய்யாது. பையன் பஸ்ஸில் எவ்வளவு குலுக்கினாலும் வகுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள்.