குறுகிய பலகையில் வண்டி சாயாமல் இருக்க

சிங்கப்பூரில் 2பி உரிமத்துக்கு (200 சிசி வரையிலான மோட்டார்சைக்கிள்) பழகுபவர்களை அதிகம் தடுமாற வைப்பது, தேர்வில் மெதுவாக ஓட்டிக் கடக்க வேண்டிய குறுகிய பலகைதான். பெரும்பாலும் கண்தான் காரணம். முன்சக்கரத்தைப் பார்த்தால் கை அதைத் திருத்தப் போகும், வண்டி சாயும்.

எனக்குச் சரிப்பட்ட முறை: பலகைக்கு முன்பே வண்டியை நேராக்கி, முதல் கியரில், வண்டி இழுக்கத் தொடங்கும் இடத்தில் கிளட்சைப் பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைப் பின்பிரேக்கால் மட்டும் லேசாகக் குறைப்பது. முழங்கால் டேங்கை இறுக்கட்டும், தோள் தளரட்டும். பார்வை பலகை முடிவுக்கும் அப்பால். முன்பிரேக் வேண்டவே வேண்டாம். ஹேண்டில் சற்றுத் திரும்பியிருக்கும்போது பிடித்தால் முன்பக்கம் அமுங்கி வண்டி அந்தப் பக்கமே விழும்.

என்ஜின் அணைந்தால் கிளட்சைச் சீக்கிரம் விட்டிருக்கிறீர்கள். வண்டி இழுக்கும் இடம் ஒவ்வொரு பயிற்சி வண்டியிலும் மாறும். ஏறியதும் அதை முதலில் கண்டுபிடியுங்கள்.