டீச்சர் இல்லாத அறையில் ஆட வேண்டும்: பரதநாட்டியத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில்தான் இருபது வருஷமாக வகுப்பு நடத்துகிறேன். முதன்முதலாக ஐந்து பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பிய வருஷத்தை இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்து பேரும் நன்றாக ஆடுவார்கள். கோயில் கொடையில் ஆடிக் கைதட்டு வாங்கியவர்கள். தேர்வாளர் ஒரு பிள்ளையிடம், "நாட்டடவுச் சொல்லைத் தாளம் போட்டு மூன்று காலத்திலும் சொல்லும்மா, ஆட வேண்டாம்" என்று கேட்டிருக்கிறார். அடவு என்றால் நாட்டியத்தின் அடிப்படை அசைவு, மூன்று காலம் என்றால் மூன்று வேகம். அவள் வாசலைப் பார்த்தாளாம். நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன், கதவு மூடியிருக்கிறது. வெளியே வந்து அழுதுகொண்டே சொன்னாள்: "டீச்சர், நீங்க கட்டை தட்டுனா வந்திருக்கும்." தாளத்துக்கு நான் தட்டுகிற தட்டுக்கழியைத்தான் பிள்ளைகள் கட்டை என்பார்கள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, அந்தப் பிள்ளைக்கு நாட்டியம் தெரியாமல் இல்லை, நான் பக்கத்தில் இல்லாமல் நாட்டியம் தெரியவில்லை என்று. புதிதாக வகுப்பு ஆரம்பித்து, முதல் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பப் போகிற டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் சரி, வீட்டு வகுப்பில் படித்து வெளியே தேர்வு எழுதுகிற பிள்ளையாக இருந்தாலும் சரி, அடிப்படை ஒன்றுதான்.

ஆறு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் உட்கார வையுங்கள். ஆமாம், உட்கார்ந்துதான். வாய், கை, கால் என்ற வரிசையில்தான் போக வேண்டும். நாம் எல்லாரும் காலில் ஆரம்பித்து, வாயைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

வாய் என்றால் சொற்கட்டு. தட்டடவுக்கு தெய்யா தெய், நாட்டடவுக்கு தெய்யும் தத்த தெய்யும் தா. பிள்ளை இதைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லும், விடக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். அப்புறம் கை. ஆதி தாளம் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு, ஆக எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றும் ஓர் அட்சரம். முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு சொல், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: காலம் கூடும்போது கையின் வேகம் கூடக் கூடாது, வாயின் வேகம்தான் கூட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் வாயோடு சேர்த்துக் கையையும் ஓட்டிவிடுவார்கள். இதைத் திருத்தவே எனக்கு மூன்று வாரம் ஆகும். கையை ஒரு பிள்ளையிடமும் வாயை இன்னொரு பிள்ளையிடமும் கொடுத்து எதிரெதிரே உட்கார வைத்தால் சீக்கிரம் பிடிபடும்.

மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற வீட்டுப்பாடம், பஸ் கிளம்பினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் தொடையில் தாளம். பிரேக் போட்டாலும் விடக் கூடாது. முருகன்குறிச்சி வரும்போது எந்தத் தட்டில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

பெற்றோர் பொறுக்க மாட்டார்கள். ஒரு ஆச்சி பேத்தியைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், "பிள்ளை கால அசைக்கவே இல்லியே, எதுக்கு டீச்சர் பீஸ் வாங்குதீய?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே, "இன்னும் ஒரு மாசம் பாருங்க ஆச்சி" என்றேன். அடுத்த மாதம் அந்த ஆச்சியே வீட்டில் தகதிமி சொல்லிக்கொண்டிருந்ததாகப் பேத்தி சொன்னாள்.

மூன்றாம் மாதத்தில் எழுந்து நிற்கலாம். முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கிற அரைமண்டியைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை நானே பல வருஷம் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "பாதத்தைத் திருப்பு, இன்னும் திருப்பு" என்பேன். பிள்ளைகள் பாதத்தைத் திருப்புவார்கள், முட்டி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து வயதில் ஒன்றும் தெரியாது. பதினைந்து வயதில் முட்டிவலி என்று வருவார்கள்.

இதைத் திருத்தியது என் தம்பி மகள். இங்கிலாந்தில் பாலே படிக்கிறாள். ஒரு கோடையில் இங்கே வந்திருந்தபோது மச்சில் எங்கள் பிள்ளைகளோடு நின்றாள். பாலேயில் முட்டியை மடக்கி இறங்குவதற்கு பிளியே என்று பெயர். மடிந்தது என்று அர்த்தமுள்ள பிரெஞ்சுச் சொல். 1661இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி நடனத்துக்கென்று கழகம் வைத்தார். பாலேயின் அடிப்படைச் சொற்கள் உலகம் முழுக்க இன்றும் பிரெஞ்சிலேயே இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளை பிரெஞ்சில் சொல்லுகிறது, நம் பிள்ளை சொற்கட்டில் சொல்லுகிறது. அவள் நின்று காட்டிவிட்டு, "அத்தே, திருப்புறது இடுப்புலருந்து, பாதத்துலருந்து இல்ல" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அன்றிலிருந்து என் சோதனை இதுதான்: பிள்ளையை அரைமண்டியில் உட்கார வைத்து, முட்டிக்கு நேர் கீழே பாருங்கள். முட்டி பாதத்தின் நடுவிரல் பக்கம் பார்க்க வேண்டும். பாதம் அதிகம் திரும்பி முட்டி பின்தங்கினால், உள்ளங்கால் வளைவு உள்பக்கமாகச் சரியும். சரிந்தால் பாதத்தைக் குறைத்துத் திருப்பச் சொல்லுங்கள். கோணம் சிறிதாகும், பரவாயில்லை. தொடை பலம் பெறப் பெறத் தானே விரியும். சில மூத்த டீச்சர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் முட்டியின் பக்கம்.

உயரத்துக்கு இன்னொரு சோதனை. சுவரோரம் அரைமண்டியில் நிறுத்தி, தலை உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தட்டடவை மூன்று காலமும் போடச் சொல்லுங்கள். மூன்றாம் காலத்தில் தலை கோட்டைத் தாண்டி மேலே ஏறும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கோட்டைக் காட்டினால் போதும். ரொம்பத் தாழ உட்காருவதைவிட ஒரே உயரத்தில் உட்காருவதைத்தான் தேர்வாளர் பார்ப்பார்.

சிமெண்டுத் தரையில் தொடர்ந்து ஒரு மணி நேரம் தட்ட விடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். இருபது நிமிஷம் காலுக்கு, இருபது நிமிஷம் உட்கார்ந்து வாய்க்கு என்று மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் மொட்டைமாடியில் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூடக் கால் வைக்க முடியாது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, காய்ந்த பிறகுதான் ஆடலாம்.

எழுத்துப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நாட்டிய நூலான அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை முத்திரைகள் இருபத்தெட்டு, தலை அசைவு ஒன்பது, பார்வை எட்டு, கழுத்து அசைவு நான்கு. பிள்ளைகள் சுலோகமாக மனப்பாடம் செய்துவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், "சுகதுண்டம் காட்டு" என்றால் வரிசையில் முதலாவதான பதாகத்திலிருந்து சொல்லிக்கொண்டு ஓடி வருவார்கள். இதற்கு நான் இருபத்தெட்டுப் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு தூக்குவாளியில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்த சீட்டை உடனே காட்ட வேண்டும், பக்கத்து முத்திரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றும் சொல்ல வேண்டும். விரல்களைச் சேர்த்து நீட்டுகிற பதாகத்தில் சுட்டுவிரலை மடக்கினால் அராளம், மோதிர விரலையும் சேர்த்து மடக்கினால் சுகதுண்டம். இப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை மறக்காது. தாளத்தை எழுதிக் காட்டவும் பழக்குங்கள். தட்டி விரல் எண்ணுகிற லகுவுக்குக் கோடு, தட்டு வீச்சான துருதத்துக்கு வட்டம், ஆதி தாளத்துக்கு ஒரு கோடும் இரண்டு வட்டமும்.

வாய்மொழிக் கேள்விகளில் ஒரு வருஷம் எங்களுக்கு நல்ல குட்டு விழுந்தது. "நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் உங்கள் ஊரில் எது?" என்று தேர்வாளர் கேட்டிருக்கிறார். நெல்லையப்பர் கோயிலுக்கு வாராவாரம் போகிற பிள்ளைகள் நான்கு பேர் விழித்திருக்கிறார்கள். தாமிர சபை அங்கேதான் இருக்கிறது. குற்றாலத்தில் சித்திர சபை. சிதம்பரத்துக் கனக சபை, மதுரை வெள்ளி சபை, திருவாலங்காட்டு இரத்தின சபை போக, ஐந்தில் இரண்டு நம் சீமையிலேயே இருக்கின்றன. இப்போது ஒவ்வொரு மார்கழித் திருவாதிரைக்கும் வகுப்பையே கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுகிறேன். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கல்லில் இடுப்பு எங்கே திரும்பியிருக்கிறது, முட்டி எங்கே பார்க்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நான்காம் மாதத்தில் கட்டையைக் கீழே வையுங்கள். இதுதான் டீச்சருக்குக் கஷ்டமான காரியம். நம் கையில் தட்டுக்கழி இருந்தால்தான் நமக்கே தைரியம். முதலில் நடு அடவில் திடீரென்று தட்டுவதை நிறுத்துங்கள். யாருடைய கால் தடுமாறுகிறதோ அந்தப் பிள்ளை இதுவரைக்கும் தாளத்தில் ஆடவில்லை, உங்கள் சத்தத்தில் ஆடியிருக்கிறது. அவளைத் திட்டாதீர்கள். கட்டையை அவள் கையில் கொடுத்து, அடுத்த பிள்ளைக்கு நட்டுவாங்கம் செய்யச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே தட்டும்போது, அதுவரைக்கும் காலில் மட்டும் இருந்தது வாய்க்கும் கைக்கும் வந்துவிடும்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை எதிர்கால டீச்சராக ஆக்குகிற வேலையும் இதிலேயே நடக்கும். அவர்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தட்டடவு மட்டும் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பைக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குழந்தைகளைப் பார்த்து நின்று ஆடிக் காட்டும்போது, அவர்களுக்கு வலது என்றால் நாம் இடது போட வேண்டும். இது பழகவே மூன்று மாதம் ஆகும். இன்னொன்று, நன்றாக ஆடுகிற பிள்ளை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள். என்னிடம் இருந்ததில் சிறந்த உதவி டீச்சர் சுமாராகத்தான் ஆடுவாள். ஆனால் பத்துப் பிள்ளைகளில் எந்தப் பிள்ளையின் கால் அரை அட்சரம் பிந்துகிறது என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

ஐந்தாம் மாதம் மாதிரித் தேர்வு. இதையும் தம்பி மகளிடம்தான் கற்றேன். அவள் எழுதுவது லண்டனில் 1920இல் தொடங்கப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்துகிற தேர்வு. நூற்றுக்கு நாற்பது தேர்ச்சி, ஐம்பத்தைந்து மெரிட், எழுபத்தைந்து டிஸ்டிங்ஷன். தேர்வு நடக்கிற அறையில் சொல்லிக் கொடுத்த டீச்சர் இருக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். "பயமா இருக்காதாடி?" என்றேன். "பழகிட்டா இருக்காது" என்றாள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். நாட்டியம் ஒன்றும் தெரியாது. கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசிப்பார். அந்தப் பார்வைக்கே பிள்ளைகளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நமக்கு வேண்டியதும் அதுதான். உறவுக்காரரை உட்கார வைக்காதீர்கள், சிரித்துவிடுவார்கள். நான்கு முறையாவது நடத்துங்கள். ஒரு பிள்ளை தடுமாறினால் நிறுத்தாமல் அடுத்த தாளச் சுற்றான ஆவர்த்தனத்தில், முதல் தட்டான சமத்தைப் பிடித்துச் சேர்ந்துகொள்ளப் பழக்குங்கள். நின்றுபோய் "முதலிலிருந்து போடட்டுமா" என்று கேட்பது பழக்கமாகிவிட்டால் தேர்வு அறையிலும் கேட்கும்.

அந்த நேரத்தில் நான் மச்சில் இருக்க மாட்டேன். கீழே அடுக்களையில் இருப்பேன். மேலே ஆடுகிற சத்தம் கூரை வழியாக அப்படியே இறங்கும். முகம், கை, அலங்காரம் ஒன்றும் தெரியாது, கால் மட்டும் கேட்கும். அப்போதுதான் உண்மை தெரியும். குதிகால் முந்தி விழுகிற பிள்ளை யார், இரண்டாம் காலத்தில் ஓடுகிறவள் யார் என்று பருப்பு வேகிற நேரத்தில் குறித்து வைத்துவிடுவேன்.

தேர்வு அன்றைக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தில் பெயரும் முதலெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பணம் கட்டும்போதே பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்த்துப் பயனில்லை. புதுச் சலங்கை கட்டாதீர்கள், பழகின சலங்கையே போதும். காலையில் இட்லி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஊக்கும் ஊசிநூலும் உங்கள் பையில் இருக்கட்டும்.

பிள்ளை உள்ளே போனதும் கதவு மூடும். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று காது கொடுப்பேன். முதல் காலம், இரண்டாம் காலம். மூன்றாம் காலம் சமத்தில் வந்து விழுகிற சத்தம் கேட்டதும், எல்லாருக்கும் சுக்குக் காபி சொல்ல எதிர்க்கடைக்குப் போய்விடுவேன்.