பானட்டைத் திறந்து கழுவப் போகிறீர்களா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் கிளம்பினோம். முந்தின நாள் வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டிருந்தேன். “இன்ஜினையும் அடிச்சிரவா அண்ணாச்சி?” என்று பையன் கேட்டான். உள்ளே தேரி மண், அதுதான் எங்கள் பக்கத்துச் சிவப்பு மணல், அப்பிக் கிடந்தது, சரி என்றேன். பம்பு வேகத்தில் ஐந்து நிமிடம் பைப்பைப் பிடித்தான். அப்புறம் மேலே டீசலைத் தெளித்தான். உள்ளே எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. மறுநாள் மூன்றடைப்பு தாண்டும்போது வண்டி குலுங்க ஆரம்பித்து, மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பாளையங்கோட்டை வரை உருட்டிக்கொண்டு போனோம். மெக்கானிக், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலைக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது பிளக் குழிக்குள் விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர். பிளக்கில் பொறி விழவேண்டிய கரண்ட் தண்ணீர் வழியாக பாடிக்கு ஓடிவிட்டது. அன்றைக்கு அருவியைப் பார்க்கவில்லை.

எனக்கு அது பெரிய வெட்கம். திசையன்விளையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் என் தொழில். ‘மோட்டாரை நனையவிடாதீங்க’ என்று வருகிற சம்சாரிகளிடம் எல்லாம் சொல்லிவிட்டு, சொந்த வண்டியில் அதையே செய்ய விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து இந்த வேலையை வெளியே கொடுப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை நானே செய்கிறேன். அக்கா மகன் கூட நிற்பான்.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இந்த வேலை ஏன் வேண்டும் என்றால், காற்று. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று தேரி மண்ணை மாவு மாதிரி தூக்கி வந்து எல்லா இடுக்கிலும் வைக்கிறது. உவரிப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்த்தி. எங்கேயாவது கொஞ்சம் ஆயில் கசிந்திருந்தால் அதன்மேல் இந்த மண் ஒட்டி, அடை மாதிரி கெட்டியாகிவிடும். அதற்கு அடியில் கசிவு தொடர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் துடைப்பது முக்கியமாக அதைப் பார்க்கத்தான். மின்னுகிறதா இல்லையா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

காலை ஆறரை மணிக்கு, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். ஓடி வந்த வண்டியில் தண்ணீர் பட்டால் எக்ஸாஸ்ட் பக்கத்து இரும்பு விரிசல் விடலாம், கையும் வெந்துபோகும். வெயில் ஏறிவிட்டால் சோப்பு துடைப்பதற்குள் காய்ந்து, அலுமினியத்தில் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். நிழல் வேண்டும், ஆனால் வேப்பமரத்து நிழல் வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தேவையான சாமான்: பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒன்றரை இஞ்ச் பெயின்ட் பிரஷ் இரண்டு, பழைய டூத் பிரஷ், கைத்தெளிப்பான் இரண்டு, பாலிதீன் பை, ரப்பர் பேண்ட், கையுறை, ஒரு கிலோ பனியன் வேஸ்ட். பெயின்ட் பிரஷின் இரும்புப் பட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கில் கீறாது. கழற்றுகிற கிளிப், போல்ட் போட ஒரு சிரட்டை. என் கடையில் இன்றைக்கும் சிரட்டைதான். உருண்டு ஓடாது, உள்ளே கிடப்பது தெரியும். சோப்புக்கு, ஆயில் பிசுக்கைக் கரைக்கிற டிகிரீசர், தண்ணீரில் கலக்குகிற வகையாக வாங்குங்கள். புட்டியில் எழுதியிருக்கிற அளவுதான் கணக்கு. நான் வாங்குவதில் ஒன்றுக்குப் பத்து தண்ணீர். வெறும் மண்தான் என்றால் கார் ஷாம்பு கலந்த தண்ணீரே போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் கூடாது. பட்டறையில் கழற்றிப் போட்ட இரும்பைக் கழுவ அது சரி. வண்டிக்குள் ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும், தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் நிறையக் கிணற்றில் உப்புத்தண்ணீர். அதைத் தெளித்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும், கனெக்டரில் பச்சை பூக்கும். குடிக்கிற தண்ணீரிலேயே அரை வாளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலைக்கும் அவ்வளவுதான் ஆகும். போதவில்லை என்றால் நீங்கள் கூடுதலாக ஊற்றுகிறீர்கள்.

முதலில் செல்போனில் நாலைந்து படம் எடுங்கள், எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு. அப்புறம் பேட்டரியில் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். மைனஸ்தான் முதலில். பிளஸ்ஸில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் நேரே ஷார்ட். 12 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் ஷார்ட்டில் ஓடுகிற கரண்ட் ஸ்பேனரையே பழுக்க வைத்துவிடும். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கடிகாரம் நேரம் மாறிப்போகும், வைத்துக்கொள்ளலாம். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டி வைத்திருக்கிறவர்கள் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே கை கொண்டுபோக வேண்டாம். அது நூற்றுக்கணக்கான வோல்ட்.

இப்போது மூட வேண்டியதை மூடுவோம். ஏர் ஃபில்டருக்குக் காற்று போகிற வாய், ஃபியூஸ் பாக்ஸ், இசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டி, இக்னிஷன் காயில்கள், இவற்றோடு முக்கியமாக, வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர். இதில் மட்டும் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன், என் வேலை அது. ஆல்டர்னேட்டர் காற்றில் குளிர்வதற்காக அதன் உடம்பெல்லாம் திறப்பு இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் செம்புக் கம்பி தெரியும். கம்பிக்கு வார்னிஷ் உண்டு, மழைச்சாரல் பட்டால் ஒன்றும் ஆகாது. சோப்பு கரைத்த அழுக்கு உள்ளே இறங்கினால்தான் வினை. கார்பன் பிரஷ்ஷும் ஸ்லிப் ரிங்கும் உரசுகிற இடத்தில் அது சகதியாக நிற்கும், பேரிங் கிரீஸைக் கரைக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து கரகரவென்று சத்தம் வரும், பேட்டரி சார்ஜ் ஏறாது, யாரும் கழுவினதை நினைக்கமாட்டார்கள். அதனால் இரட்டைப் பாலிதீன் பை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டின பிறகும் அந்தப் பக்கம் தெளிக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

சோப்பு போடுவதற்கு முன் உலர்ந்த பிரஷால் மண்ணைத் தட்டிவிடுங்கள். காய்ந்த தேரி மண் பாதிக்கு மேல் அப்படியே உதிர்ந்துவிடும். இதைச் செய்யாமல் நனைத்தால் சிவப்புக் குழம்பு.

ஆனால் எலி இருந்த அடையாளம் தெரிந்தால் உலர்ந்தபடி தட்டாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் வயலில் தண்ணீர் ஏறினால் எலி சூடான இன்ஜினைத் தேடி வந்துவிடும். போன வருடம் என் வண்டியில் மேல்மூடியைத் தூக்கினால், கடித்த ஸ்பாஞ்ச், நிலக்கடலைத் தோடு, ஒரு நெத்திலித் தலை, குடும்பமே நடத்தியிருக்கிறது. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை, மூக்குக்குத் துணி, முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்து, பிறகு அள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். ஒயரில் பல் பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போகலாம். அந்துருண்டை, புகையிலை எல்லாம் நானும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். நாலு நாள் வாசனை இருக்கும்வரை வராது, அவ்வளவுதான்.

டிகிரீசரைக் கீழிருந்து மேலாகத் தெளியுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மூலை. இரண்டு நிமிடம் ஊறட்டும். காயவிடக் கூடாது. பிரஷால் வட்டமாகத் தேய்த்து, கசடு கரைந்து கறுப்பாக வந்ததும் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டாவது தெளிப்பானில் வெறும் தண்ணீர், இந்த முறை மேலிருந்து கீழ், உடனே துணி. இப்படியே ஒவ்வொரு மூலையாக. அடிச்சட்டத்தில் கெட்டியான இடத்துக்குப் பனந்தும்பு பிரஷ் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக்கில் வைத்தால் கோடு விழும்.

“மாமா, இத விட பைப்ப எடுத்து மெதுவா அடிச்சிரலாம்லா?” என்று மருமகன் ஒவ்வொரு முறையும் கேட்பான். “சும்மா கெடடே, மூன்றடைப்பு மறந்துபோச்சா?” என்றால் சிரிப்பான்.

ரேடியேட்டரில் அடைத்திருக்கிற பூச்சி, பஞ்சுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் விடலாம். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வந்த வழியே தள்ள வேண்டும். அழுத்தமாக அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கி, அடைப்பு இருந்ததைவிட மோசமாகிவிடும்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால், வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து டூத் பிரஷால் தேயுங்கள். பொங்கும், பொங்கட்டும், ஆசிட் முறிகிறது. பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து உலர்த்தி, திரும்ப மாட்டி முறுக்கின பிறகு மேலே வாசலைன் தடவிவிடலாம்.

உலர்த்துவதில் அவசரம் வேண்டாம். காற்று பிளோயர் இருந்தால் கனெக்டர் இடுக்கில் ஊதுங்கள். இல்லையென்றால் பைகளை அவிழ்த்துவிட்டு பானட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் விடுங்கள், நம் ஊர் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எண்ணிப் பார்த்து எல்லாப் பையையும் எடுத்தாயிற்றா என்று உறுதி செய்த பிறகு ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். குலுக்கல் இருந்தால் நிறுத்திவிட்டு, பிளக் குழியைத்தான் முதலில் பாருங்கள்.

பளபளப்பு வேண்டும் என்றால் தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கை ஸ்பாஞ்சில் தொட்டு பிளாஸ்டிக், ஹோஸ் மேல் தடவுங்கள். பெல்ட்டில் பட்டால் வழுக்கும், கத்தும். டீசல், தேங்காயெண்ணெய் தடவினால் அடுத்த காற்றில் மண் முழுவதும் அங்கேதான் வந்து உட்காரும்.

இந்த வேலை எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகினபோது முங்கின வண்டிகள் எத்தனையோ. அப்படி முங்கின வண்டியில் பிரஷை எடுக்காதீர்கள், சாவியையும் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்புவதுதான் வழி.

துடைத்த ஒரு வாரத்தில், நூறு கிலோமீட்டராவது ஓடின பிறகு, டார்ச்சோடு திரும்பப் பாருங்கள். போன தடவை என் வண்டியில் டேப்பட் கவர் என்கிற இன்ஜின் மேல்மூடி ஓரமாக ஒரு விரல் நீளத்துக்கு ஈரம் தெரிந்தது. வெள்ளைத் துணியில் தொட்டால் புது ஆயில். பேக்கிங் காய்ந்துபோயிருக்கிறது. அது எவ்வளவு நாளாகக் கசிந்ததோ, மண் அடைக்கு அடியில் இருந்ததால் இரண்டு சர்வீஸில் யார் கண்ணிலும் படவில்லை. பேக்கிங்கை மாற்றியாயிற்று.

வேப்பமரத்துக்கு வருகிறேன். வைப்பருக்குக் கீழே ஒரு சல்லடை மூடி இருக்கிறது, அதற்கு அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டை. வேப்பிலையும் பூவும் அதில் இறங்கி மக்கினால் ஓட்டை அடைத்து, மழையில் தண்ணீர் ஏசி பிளோயர் வழியாகக் காலடிக்கு வந்துவிடும். நான் முழு வேலையை ஆடிக் காற்று அடங்கின பிறகு ஒரு தடவை, மழை முடிந்து தை மாதம் ஒரு தடவை வைத்துக்கொள்கிறேன். நடுவில் எப்போது பானட்டைத் தூக்கினாலும் அந்தச் சல்லடைமேல் கிடக்கிற இலையைக் கையால் வழித்துப் போட்டுவிடுவேன்.