மண்ணில் தண்ணீர் இறங்கிய ஆழத்தைக் கம்பியால் அளக்கலாம்

சொட்டுநீர் நின்று ஒரு மணி நேரம் கழித்து, 10 மி.மீ. தடிமனுள்ள 4 அடி இரும்புக் கம்பியைச் செடியின் நிழல் விளிம்பில் கையால் அழுத்திப் பாருங்கள். ஈர மண்ணில் வழுக்கி இறங்கும், காய்ந்த மண் தட்டியதும் நின்றுவிடும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பூச்செடி, கள்ளி என்றால் 1 அடி ஆழம் நனைந்தால் போதும், புதருக்கு 2, மரத்துக்கு 3. கம்பி அதைவிட ஆழமாக இறங்கினால் சொட்டுநீர் டைமரில் நிமிடத்தைக் குறைத்துவிடலாம். அதற்கு மேல் விடுவது வீண்.

தினமும் பத்து நிமிடம் விடுவதுதான் பெரிய தவறு. ஈரம் மேலேயே நிற்கும், வேரும் மேலேயே படரும். அந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். ஆழமாக நனைத்தால்தான் அது வேரைத் தாண்டிக் கீழே போகும். இல்லையென்றால் இலை நுனி பழுப்பாகக் கருகும்.

கம்பி 'டக்'கென்று முட்டி, நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அது வறட்சி இல்லை, காலிச்சே எனும் சுண்ணாம்புப் பாறை. அங்கே இந்த அளவு பொய் சொல்லும். பொலபொல மணலிலும் பயனில்லை, காய்ந்திருந்தாலும் கம்பி இறங்கிவிடும். கையால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். குழாய், மின்கம்பி போகும் தடத்தில் குத்தாதீர்கள்.