புருவத்தை மறைத்தால் 15ஆம் நூற்றாண்டு வந்துவிடும்

மத்தியகால ஐரோப்பாவில் நடக்கும் நாடகத்துக்குப் பெண் வேட ஒப்பனை என்றதும் பலர் முதலில் வெள்ளைப் பவுடர் டப்பாவைத்தான் திறக்கிறார்கள். அதை மூடி வையுங்கள். ரோகியர் வான் டெர் வெய்டன் 1460 வாக்கில் வரைந்த ஒரு சீமாட்டியின் படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதை இணையத்தில் தேடிப் பாருங்கள். நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகும். புருவம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். காலத்தைக் காட்டுவது இவை இரண்டும்தான், நிறம் இல்லை.

அந்த நெற்றிக்காகப் பெண்கள் முன்முடியைப் பிடுங்கினார்கள். இத்தாலியின் சலேர்னோ நகரத்து 12ஆம் நூற்றாண்டு அழகுக் குறிப்புகளில், முடி நீக்கச் சுண்ணாம்பும் அரிதாரமும் கலந்த பூச்சு ஒன்று வருகிறது. ஆமாம், நாம் மேடை ஒப்பனைக்குச் சொல்லும் அதே சொல்தான்; அரிதாரம் என்பது மஞ்சள் நிற ஆர்சனிக் தாது. நாம் முடியை நீக்க வேண்டாம், மறைத்தால் போதும்; அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் க்ளூ ஸ்டிக் போதும். தண்ணீரில் கரையும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்றும் பாருங்கள்.

படி 1: புருவம். எண்ணெய்ப் பசை போக முகம் கழுவித் துடையுங்கள். க்ளூ ஸ்டிக்கை முதலில் முடியின் எதிர்த்திசையில் தேய்த்து, பிறகு சிறு பிரஷால் மேல்நோக்கிச் சீவித் தோலோடு படியவையுங்கள். காய்ந்ததும் நிறமில்லாத பவுடரை ஒற்றுங்கள். இப்படி மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். நான் முதல்முறை அவசரப்பட்டேன். இரண்டாவது காட்சியில் வியர்வை பட்டு, மகாராணிக்குப் புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி எழுந்து நின்றது! கறுப்பு முடி சாம்பலாகத் தெரியாமல் இருக்க, மேலே ஆரஞ்சு கன்சீலரை (நிறத்தை மறைக்கும் கெட்டிப் பூச்சு) தட்டித் தட்டி வையுங்கள்.

படி 2: நெற்றி. முடியை இறுக்கிப் பின்னால் கட்டுங்கள். முன்முடி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அதே பசை, பவுடர், கன்சீலர். அதற்குப் பின்னால் தொப்பியும் முக்காடும் உட்காரட்டும்.

படி 3: நிறம். நடிப்பவரின் தோலுக்குப் பொருந்தும் ஃபவுண்டேஷன், மிஞ்சினால் ஒரு ஷேடு வெளுப்பு. அதற்கு மேல் போனால் மேடை விளக்கில் விபூதி பூசியது போலத் தெரியும். மூடிய புருவத்தின் மீதும் சேர்த்துப் பூசுங்கள்.

படி 4: கண்மை வேண்டாம். நம் கை தானாக அங்கேதான் போகும், தெரியும். கண் தொலைவில் தெரிய, மேல் இமை ஓரம் மெல்லிய பழுப்புக் கோடு போதும். புருவ எலும்புக்குச் சற்று மேலே நூல் மாதிரி இன்னொரு பழுப்புக் கோடு. கன்னத்தில் லேசான ரோஜா நிறம். உதட்டின் ஓரங்களை ஃபவுண்டேஷனால் மறைத்து, நடுவில் மட்டும் சிவப்பு.

சரி, இப்போது மேடை விளக்கைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் நின்று பாருங்கள். புருவம் நிழலாகத் தெரிந்தால் இன்னொரு பூச்சு கன்சீலர்.

கலைக்கும்போது உரித்தெடுக்காதீர்கள், நிஜப் புருவமும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்தால் பசை இளகும். அப்புறம் தேங்காய் எண்ணெய்.