மதுரைக்கு மேலே நாலரை கிலோமீட்டர்: இடிமழையைத் தொடர்கிறவர்கள் செய்யும் தவறுகள்

சித்திரை பிறந்தால் போதும், வானிலை வாட்ஸ்அப் குழுக்களில் புது ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். மதியம் சிறுமலைப் பக்கம் மேகம் திரண்டதும் ஸ்கிரீன்ஷாட் பொழிய ஆரம்பிக்கும். "மதுரையில் இன்னும் அரை மணி நேரத்தில்" என்று ஒருவர் எழுதுவார். மழை நத்தத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு முடிந்திருக்கும். மரத்தடியில் ஒதுங்காதே, கண்மாய்க்கரையில் நிற்காதே என்பதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

ரேடாரில் இல்லை என்றால் வானத்திலும் இல்லை என்று நம்புவது

வருடம் தவறாமல் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மதுரை மழைக்கு நாம் வழக்கமாகத் திறப்பது காரைக்கால், கொச்சி, திருவனந்தபுரம் ரேடார்களின் படங்கள். மூன்றுமே இங்கிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கின்றன. ரேடார் அனுப்பும் அலைக்கற்றை 0.5 டிகிரி சாய்வில் கிளம்பினாலும், பூமி வளைந்து கீழே இறங்கிக்கொண்டே போவதால், காரைக்காலில் புறப்பட்டது மதுரைக்கு வரும்போது தரையிலிருந்து ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குள் அது மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகன்றும் போயிருக்கும். கொச்சிக் கற்றையின் பாடு இன்னும் மோசம். 90 கி.மீ. தாண்டும்போது அது ஒன்றேகால் கி.மீ. உயரத்தில்தான் போகிறது, அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது.

விளைவு என்ன? மூன்று கிலோமீட்டர் உயரம் வளர்ந்த மேகம் படத்தில் வராது. முதல் பச்சைப் புள்ளி விழும்போது அந்த மேகத்தின் தலை உறைநிலை மட்டத்தைத் (நம் ஊரில் சுமார் 5 கி.மீ.) தொட்டிருக்கும். நல்ல வேகத்தில் ஏறும் மேகம் அடுத்த பத்து நிமிடத்தில் எட்டு கிலோமீட்டரை எட்டி, உள்ளே பனிக்கட்டிகள் உரசி, மின்னல் வெட்டத் தொடங்கிவிடும். அந்தப் புள்ளி உங்கள் போனுக்கு வந்து சேரவே பத்து இருபது நிமிடம் ஆகிறது. ஒரு தனி இடிமேகத்தின் ஆயுளே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். போதாக்குறைக்குப் படத்தின் ஓரத்தில் நேரம் பெரும்பாலும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) இருக்கும். 10:52 என்றால் நமக்கு மாலை 4:22. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டு, பழைய படத்தைப் புதிது என்று பரப்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

மழைக்கு முன்னால் ஓடிவரும் புழுதிக்காற்று இதைவிடப் பொல்லாதது. மேகத்திலிருந்து கொட்டிய குளிர்காற்று தரையோடு பரவி வருவதுதான் அது. அதன் உயரம் ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. 200 கி.மீ. தள்ளியிருக்கும் எந்த ரேடாரும் அதைப் பார்க்காது. தகரக் கூரையைத் தூக்குவதும் பந்தலைச் சாய்ப்பதும் இந்தக் காற்றுதான்.

ஆகவே முதலில் கண்ணை நம்புங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் 10 டிகிரி. மதுரையிலிருந்து சிறுமலை ஏறக்குறைய 30 கி.மீ. அங்கே நிற்கும் மேகம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம் என்றால் அதன் உச்சி ஐந்து கி.மீ.யை ஒட்டி; இரண்டு முஷ்டி என்றால் பதினொன்று. கூடவே விளிம்பைக் கவனியுங்கள். காலிஃபிளவர் போல வெட்டுத் தெளிவாக இருக்கும் வரை அது இன்னும் நீர்த்துளிதான். உச்சி பஞ்சைப் பிய்த்தது போலக் கலங்கினால் பனிக்கட்டி ஆகிவிட்டது, மின்னல் வரும். அதன் பிறகு தாமினி செயலியில் மின்னல் விழுந்த இடங்கள், கடைசியாக ரேடார். அதிலும் ஒரே படத்தை வைத்து முடிவு கட்டாமல், அடுத்தடுத்த மூன்று படங்களில் சிவப்பு மையம் (மழை வலுவான இடம்) எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பாருங்கள்.

விண்டி செயலியை நேரலை என்று நினைப்பது

அதில் ஓடும் மழை வண்ணம் கணினி மாதிரியின் கணிப்பு. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கி.மீ. அகலம், உசிலம்பட்டியில் பெய்து செக்கானூரணியில் காயும் மழையை அது எப்படிப் பிடிக்கும்?

செயற்கைக்கோள் படத்தில் சிவப்பு என்றால் கனமழை

இல்லை. அகச்சிவப்புப் படம் காட்டுவது மேக உச்சியின் குளிர்ச்சியை. கீழே சொட்டு மழை இல்லாவிட்டாலும், காற்று இழுத்துப்போன மேலடுக்கு மேகம் சிவந்துதான் தெரியும்.

புயலின் கோட்டைப் பிடித்துக்கொண்டு மழையைக் கோட்டைவிடுவது

2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தபோது எல்லோர் கண்ணும் பாம்பன் மேல். அது ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்று வலுவிழந்தது. பெருமழையோ வடக்கே கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் கொட்டித் தீர்த்தது. இதற்கு நேர்மாறு கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறியதும் "கடந்தாச்சு" என்று படுத்தவர்கள் உண்டு. அது திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டே போனது. மையம் போகும் கோடு வேறு, மழையும் காற்றும் விழும் பரப்பு வேறு.

இரண்டு வானிலை மையங்கள் சொல்லும் புயல்காற்று வேகத்தை ஒப்பிடுவது

இந்திய வானிலைத் துறை சொல்வது 3 நிமிட சராசரி, அமெரிக்க மையம் சொல்வது 1 நிமிட சராசரி. பின்னது கூடத்தான் காட்டும்.

கடைசி இடிக்குப் பிறகு உடனே வெளியே வருவது

முப்பது நிமிடம் பொறுங்கள்.

வாளியில் மழை அளப்பது

வாளி மேலே அகன்று கீழே குறுகும். அதில் ஸ்கேலை விட்டால் வருகிற எண் மழையளவு அல்ல. பக்கங்கள் நேராக நிற்கும், அடி தட்டையான பாத்திரம் வேண்டும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்தால் சாரல் பாதி வெளியே போய்விடும். காலை 8:30 மணிக்கு அளந்து, அன்றைய தேதியிலேயே எழுதுங்கள். மே 4 மாலை பெய்த மழை அரசுப் பதிவில் மே 5 என்றுதான் இருக்கும். இது தெரியாமல் "எங்க ஊர் மழையை விட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.