மிங் அரச சமாதிகளின் வரைபடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெய்ஜிங்குக்கு வடக்கே 13 மிங் வம்சப் பேரரசர்கள் அடக்கமான பள்ளத்தாக்கை வரையத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பெயரை மாற்றி எழுதுவது போன்றவை போகப் போகச் சரியாகிவிடும். மற்றவை அப்படியே தங்கிவிடும்.

சமாதிக்கு ஒரு சிலை வீதி

கிடையாது. சுமார் 7 கிலோமீட்டர் வீதி ஒன்றுதான், 18 ஜோடிக் கற்சிலைகளோடு, எல்லாருக்கும் பொது.

எல்லாம் நேர் தெற்கு

ஒவ்வொரு சமாதியும் தன் முதுகுக்குப் பின்னுள்ள மலையை ஒட்டித் திரும்பியிருக்கும். அவற்றில் ஒன்றான திங்லிங் தென்கிழக்கு பார்த்தது.

திங்லிங்கின் நிலவறையை எல்லாச் சமாதி மேட்டுக்கும் அடியில் ஒட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பதின்மூன்றில் முறையாகத் தோண்டித் திறந்தது வான்லி பேரரசரின் திங்லிங் ஒன்றைத்தான். 1956-இல் குறி வைத்தது யோங்லெ பேரரசரின் சமாதியான சாங்லிங்குக்கு; அங்கே வழி பிடிபடாததால்தான் இங்கே வந்தார்கள். இங்கே வாசல் நடு அச்சில் இல்லை. மேட்டைச் சுற்றிய மதிலின் பக்கவாட்டில் செங்கல் சரிந்த இடத்தில் வழி தெரிந்தது. சுரங்கப்பாதை அங்கிருந்து வளைந்து போனது. நடுவில் கிடைத்த ஒரு சிறு கல்லில், நிலவறையை மூடிய அடைப்புச் சுவர் வரை 16 ஜாங் தூரம், மூன்றரை ஜாங் ஆழம் என்று செதுக்கியிருந்தது (ஒரு ஜாங் ஏறக்குறைய 3.2 மீட்டர்). அந்தக் கல் இல்லையென்றால் எங்கே தோண்டுவது?

உள்ளே ஐந்து அறைகள். அரசிகளைப் பக்க அறைகளில் வரைபவர்கள் உண்டு. அங்கே இருந்தவை வெறும் சவப்பெட்டி மேடைகள். பேரரசர், இரண்டு அரசிகள் என மூவரின் சவப்பெட்டிகளும் பின்னறையில்தான் இருந்தன. வெளியே எடுத்த பட்டுத் துணிகள் காற்றுப் பட்டுக் கறுத்து விறைத்துப்போயின. அதன் பிறகு அரச சமாதிகளை வலியத் தோண்டுவதில்லை என்பதே சீனாவின் நிலைப்பாடு. ஆகவே மற்ற பன்னிரண்டுக்கும் நிலத்துக்குமேல் இருப்பதை முழுக்கோட்டில் வரையுங்கள்: வாசல், வழிபாட்டு மண்டபம், கல்வெட்டுக் கோபுரம், வட்ட மதில், மேடு. கீழே இருப்பதைப் புள்ளிக்கோட்டில் வரைந்து ‘ஊகம்’ என்று எழுதுங்கள்.

கல்கதவைப் பலகை போல வரைவது

திங்லிங் நிலவறையின் ஒரு கதவு சுமார் 4 டன். சுழலும் முனையில் ஏறக்குறைய 40 செ.மீ. தடிமன், மறுமுனையில் அதில் பாதி. எடை அச்சை ஒட்டி நிற்பதால்தான் திருப்ப முடிகிறது. கதவுக்குப் பின்னால் சாய்த்து நிறுத்திய கல்தண்டு, கதவை வெளியிலிருந்து இழுத்து மூடும்போது தானாகச் சரிந்து முட்டுக்கொடுக்கும். 1957-இல் திறந்தவர்கள் இடுக்கு வழியாக வளைத்த கம்பியை விட்டுத் தண்டின் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினார்கள். வெட்டுமுகம் வரைந்தால் அந்தத் தண்டுக்கும் தரையில் அது ஊன்றும் குழிக்கும் இடம் விடுங்கள்.